காந்தாரம் இறங்குது, தம்பி

பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் நிர்வாகம் நாதஸ்வரமும் தவிலும் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்துகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் சேரும் இடம். அந்த வயதுக்கு நாதஸ்வரத்தைப் போல இரக்கமில்லாத வாத்தியம் வேறில்லை. ஹார்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுரம் தானாக வந்துவிடும். நாதஸ்வரத்தில் விரலுக்கு இருப்பது ஏழு துளைகள்தான். பன்னிரண்டு சுரஸ்தானங்களையும், அவற்றின் நடுவே இழையும் கமகங்களையும் அதற்குள்தான் எடுத்தாக வேண்டும். துளையைப் பாதி மூட வேண்டும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டால் இறுக்கித் தளர்த்த வேண்டும், மூச்சைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சீவாளி கொஞ்சம் உலர்ந்தாலும் சுருதி நழுவிவிடும். போதாக்குறைக்கு, தெருக்கோடி வரை கேட்கிற வாத்தியம். பிசகினால் ஊருக்கே தெரியும்.

எந்த நாதஸ்வர வகுப்பிலும் காதில் விழுகிற பேச்சு இதுதான். பையன் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை வாசிக்கிறான். ஆசிரியர் கைத்தாளத்தை நிறுத்தாமலே, "காந்தாரம் இறங்குது தம்பி, ஏத்திப் பிடி" என்கிறார். அவன் மூச்சைக் கொஞ்சம் அழுத்துகிறான். அடுத்த சுற்றில், "இப்ப ஏறிப்போச்சு, விடு விடு." ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனையோ முறை. அவன் முகம் சுண்டுவதில்லை. அதே பையன் வீட்டுக்குப் போனதும் அம்மா, "ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று ஒரே ஒரு முறை கேட்டால் போதும், அறைக்கதவு அறைந்து சாத்தப்படும்.

காது ஒன்றுதான், மூளையும் ஒன்றுதான். அங்கே அத்தனை திருத்தத்தையும் வாங்கிக்கொண்டவனுக்கு இங்கே ஒரு சொல் தாங்கவில்லை. இதைத் திமிர் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் மூளை ஆய்வாளர்களும் உளவியலாளர்களும் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்தால் விஷயம் அதைவிட விசித்திரமாக இருக்கிறது.

முதலில், குறையை ஏற்றுக்கொள்வதில் நம் உடம்புக்கு நிகரான மாணவன் கிடையாது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்சன் குழுவினர் 1990-களில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரை "ஆ" என்று ஒரே சுருதியில் நீட்டச் சொல்லி, அவருடைய குரலையே ஹெட்போன் வழியாக அவர் காதுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நடுவே ஒரு கருவி அந்தக் குரலின் சுருதியைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ விடும். கேட்பவரின் குரல் உடனே எதிர்த்திசையில் நகர்ந்தது. காதில் ஏறிக் கேட்டால் தொண்டை இறக்கியது, இறங்கிக் கேட்டால் ஏற்றியது. இதற்கு ஆன நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். யோசித்துச் செய்ய அவகாசமே இல்லாத வேகம். பாடும்போதும் பேசும்போதும் நம் காது ஓயாமல் நம்மைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. நாமும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கேட்டுக்கொள்கிறோம்.

கைவேலையிலும் இதே கதைதான். திரையில் வருவதைப் பார்த்து இரண்டு பொத்தான்களில் ஒன்றை வேகமாக அழுத்தும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்து, தலையில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். தவறான பொத்தானை அழுத்திய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு மின் அலை கிளம்புகிறது. சரியாக அழுத்தினால் அப்படி எழுவதில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே இதைக் கண்டார்கள். யாரும் "தப்பு" என்று சொல்வதற்கு முன்பே, சொல்லப்போனால் செய்தவரே "ஐயோ" என்று நினைப்பதற்கு முன்பே, மூளை குறித்துக்கொண்டுவிடுகிறது. சிறு குழந்தைகளிடம் இந்த அலை வலுவில்லாமல் இருக்கிறது. பதின்ம வயதில்தான் அது படிப்படியாக வலுக்கிறது. பிள்ளைக்குத் தன் பிசகு உறைக்கவில்லை என்று நினைத்துத்தான் நாம் அதையே மூன்று முறை சொல்கிறோம். பெரும்பாலும் அது முதல் சொல்லுக்கு முன்பே உறைத்திருக்கும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. எது சரி என்று தெரிந்திருந்து கை நழுவினால்தான் இந்த அலை எழும். காந்தாரம் எங்கே நிற்கும் என்பதே காதில் இன்னும் பதியாதவனுக்கு எந்த அலையும் எழாது. அதனால்தான் இன்னொருவர் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொருவர் சொல்லும் குறையில் எப்போதும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, வேலையைப் பற்றியது. மற்றது, சொல்பவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது. பெரியவர்களாகிய நமக்கும் இரண்டாவதுதான் முதலில் கேட்கும், ஆனால் கொஞ்ச நேரத்தில் அதை ஒதுக்கிவிட்டு முதலாவதற்கு வருவோம். பதினான்கு வயதில் இரண்டாவது செய்தி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும் அளவுக்குச் சத்தமாக ஒலிக்கிறது.

எவ்வளவு சத்தம் என்பதை லியா சோமர்வில் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. எட்டு வயதுச் சிறுவர் முதல் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர் வரை 69 பேரை ஒருவர் பின் ஒருவராக மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. கருவிக்குள் ஒரு கேமரா இருக்கிறது, அது இயங்கும்போது உன் வயதையொத்த ஒருவர் உன் முகத்தைப் பார்ப்பார் என்று மட்டும் சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. கேமரா இயங்குவதாகத் திரையில் காட்டியதுமே பதின்ம வயதினருக்குக் கூச்சம் கூடியது. தோலில் வியர்வை கூடியதைக் கருவி காட்டியது. தன்னைப் பற்றி யோசிக்கும்போது இயங்கும் மூளைப்பகுதியும் விழித்துக்கொண்டது. குறை சொல்லவில்லை, பேசக்கூட இல்லை. பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது. டேவிட் எல்கிண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே, இந்த வயதுப் பிள்ளைகள் தங்களைச் சுற்றி ஒரு கற்பனைச் சபையை உட்காரவைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்று எழுதினார். அந்தச் சபை எப்போதும் கலைவதில்லை. வகுப்பில் நாற்பது பேர் முன்னால் ஒரு பெண்ணின் கட்டுரையை உரக்கப் படித்து, "இதுக்குப் பேர் தமிழா?" என்று கேட்கும் ஆசிரியர் நாற்பது பேர் இருப்பதாக நினைக்கிறார். அவள் கணக்கில் இன்னும் எத்தனையோ பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஈரத் துண்டு விவகாரத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெனிஃபர் சில்க் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 9 முதல் 17 வயது வரையிலான 32 பிள்ளைகளை, அவரவர் அம்மா தங்களைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும் அரை நிமிட ஒலிப்பதிவைக் கேட்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். மாடியேறிப் போய்ச் செருப்பை வைக்கச் சொன்னால்கூடக் கோபித்துக்கொள்கிறாய் என்ற மாதிரி அன்றாடக் குறைகள்தான். அம்மா சம்பந்தமில்லாத விஷயத்தைப் பேசியபோது இருந்ததோடு ஒப்பிட்டால், குறையைக் கேட்டபோது உணர்ச்சிப் பகுதிகளில் இயக்கம் கூடியது. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் பகுதிகளிலும், எதிராளி என்ன நினைத்து இதைச் சொல்கிறார் என்று யோசிக்கும்போது இயங்கும் பகுதிகளிலும் குறைந்தது. 32 பேரை வைத்து உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. ஸ்கேன் படத்திலிருந்து எண்ணத்தை அப்படியே வாசித்துவிடவும் முடியாது. ஆனாலும், "உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்ற வாக்கியம் ஏன் எந்த வீட்டிலும் வேலை செய்வதில்லை என்பதற்கு ஒரு குறிப்பு இதில் கிடைக்கிறது. அம்மாவின் மனதுக்குள் எட்டிப் பார்த்து அந்த நல்லதைக் கண்டுபிடிக்க வேண்டிய பகுதி, சரியாக அந்த நேரத்தில் தணிந்துபோயிருக்கிறது.

செவிக்குக் கசப்பான சொல்லையும் பொறுத்துக் கேட்கும் குணத்தை வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில், அரசனின் சிறப்புகளில் ஒன்றாக வைத்தார். படையும் பரிவாரமும் உள்ள, வயது முதிர்ந்த ஓர் ஆளிடம் இருந்தாலே பாராட்ட வேண்டிய குணம் என்று அவர் கருதியிருக்கிறார். நாம் அதை ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவிடம் தினமும் எதிர்பார்க்கிறோம்.

திருத்தம் என்றால் பயன் இருக்கத்தானே செய்யும், கசந்தாலும் மருந்துதானே என்று ஒரு வாதம் உண்டு. அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டிநிசி என்ற இருவர் 1996-ல் அதுவரை இதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். 607 அளவீடுகள், 23,000-க்கும் மேற்பட்ட பதிவுகள். சராசரியாகப் பார்த்தால், செய்ததைப் பற்றி ஒருவருக்குக் கருத்துச் சொல்வது பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில், சொன்ன பிறகு வேலை இன்னும் மோசமாகியிருந்தது. சொல்லாமலே விட்டிருக்கலாம். அவர்கள் கண்ட வேறுபாடு இது: சொன்ன சொல் கேட்பவரின் கவனத்தை வேலையை நோக்கித் திருப்பினால் பலன் உண்டு, அவரையே நோக்கித் திருப்பினால் பலன் கரைந்துபோகும். "காந்தாரம் இறங்குது" என்பதில் எழுவாய் காந்தாரம். அடுத்த நொடியே மூச்சை அழுத்திப் பார்க்கலாம், அடுத்த சுற்றிலேயே சரியானதா என்று தெரிந்துவிடும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதில் எழுவாய் பையன். அதை எந்தத் துளையை மூடிச் சரிசெய்வது? "பக்கத்து வீட்டு ரமேஷைப் பார்" என்பதோ இன்னும் மோசம். அதில் வேலையும் இல்லை, பையனும் இல்லை, ரமேஷ்தான் இருக்கிறான்.

இந்தக் கணக்கில் புகழ்ச்சியும் தப்பவில்லை. முதலில் இரண்டு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் ஒரு பாராட்டு என்று அடுக்கச் சொல்லிப் பயிலரங்குகளில் கற்றுத்தருகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஜெர்மானிய உளவியலாளர் வுல்ஃப்-உவே மேயர் 1970-களிலிருந்து செய்த சோதனைகளில், எளிய வேலையைச் செய்ததற்காக ஒருவரை ஓகோவென்று பாராட்டினால், பார்ப்பவர்கள் அவருக்குத் திறமை குறைவு என்றே முடிவுகட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை, பாராட்டைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வளர வளரத்தான் இந்தக் கணக்குப் புரிகிறது. ஆறு வயதில் பலித்த வெல்லப்பூச்சு பதினைந்து வயதில், "சார் என்னைப் பத்தி ரொம்பக் கம்மியாத்தான் நினைச்சிருக்கார்" என்று கேட்கிறது.

அப்படியானால் என்னதான் சொல்வது? டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹன் முதலானோர் 2014-ல் வெளியிட்ட சோதனை எளிமையானது, அதனாலேயே வியப்பானது. அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 44 பேர் தங்களுக்குப் பிடித்த மனிதரைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர்கள் வழக்கம்போலக் குறைகளைக் குறித்துத் திருத்தினார்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டுரையோடும் ஆசிரியர் கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. பாதிப் பேருக்கு, உன் கட்டுரையைப் பற்றிய கருத்துகள் இவை என்ற அளவில் ஒரு வரி. மீதிப் பேருக்கு, உன்னிடம் நான் மிக உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இத்தனை குறித்திருக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி. யாருக்கு எந்தச் சீட்டு போகிறது என்பது ஆசிரியர்களுக்கே தெரியாது. விருப்பமிருந்தால் மறுபடி எழுதித் தரலாம் என்றார்கள். கறுப்பின மாணவர்களில், சாதாரணச் சீட்டு கிடைத்தவர்களில் 17 விழுக்காட்டினர் மறுபடி எழுதினார்கள். மற்றச் சீட்டு கிடைத்தவர்களில் 72 விழுக்காட்டினர். வெள்ளையின மாணவர்களிடமும் உயர்வு இருந்தது, ஆனால் இவ்வளவு பாய்ச்சல் இல்லை.

சிறிய சோதனைதான். ஆனால் அந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. ஆசிரியர் என் கட்டுரையைத் திருத்துகிறாரா, என் நிறத்தைப் பார்த்து முன்பே முடிவுகட்டிவிட்டாரா என்ற சந்தேகம் யாருக்கு அதிகமோ, அவர்களுக்கு அந்த ஒரு வரி அதிகம் உதவியது. இங்கே நிறத்தின் இடத்தில் சாதி நிற்கிறது, ஊர் நிற்கிறது, தமிழ்வழி ஆங்கிலவழி நிற்கிறது. பழனி மலையின் பளியர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து இறங்கி வந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் நோட்டில் சிவப்பு மை நிறைய இருந்தால், அது அக்கறையா அலட்சியமா என்று அவள் எதைக்கொண்டு கண்டுபிடிப்பாள்? அக்கறைதான் என்பதை ஆசிரியர் வாய்விட்டோ கைப்பட எழுதியோ சொல்லியாக வேண்டும். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று விட முடியாது. அந்த எதிர்பார்ப்பு நிஜமாகவும் இருக்க வேண்டும். அச்சடித்த ரப்பர் ஸ்டாம்பாகப் போட்டால் இரண்டே வாரத்தில் சாயம் வெளுத்துவிடும்.

சொல் ஒருபுறம் இருக்க, சொல்லப்படும் நேரமும் முக்கியம். இங்கே பழனி மலைக்கு மேலும் கீழும் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. 1901-ல் தொடங்கிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்தான் ஐபி என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்த பள்ளி. அந்தத் திட்டத்தில் மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தானே தேர்ந்த தலைப்பில் 4,000 சொற்களுக்கு மிகாமல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் ஒரே ஒரு முழு வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லலாம். தானே திருத்தி எழுதிக் கொடுக்கக் கூடாது. அடுத்து மாணவர் தருவதுதான் இறுதிப் பிரதி. ஆக, குறை கேட்கும் இடத்தில் கட்டுரைக்கு இன்னும் உயிர் இருக்கிறது, மாற்றலாம். கீழே பழனியில் பிளஸ் டூ எழுதும் மாணவருக்குப் பொதுத்தேர்வு விடைத்தாள் எங்கோ போய், ஓர் எண்ணாகத் திரும்பி வருகிறது. விடைத்தாள் நகல் வேண்டுமானால் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அப்படி வாங்குவதும் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோதான், எங்கே தடுமாறினோம் என்று பார்த்துக் கற்க இல்லை. கட்டணத்தில் மலையளவு வித்தியாசம் உள்ள பள்ளிகளை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் முடிப்பதற்கு முன் ஒரு முறை படித்துச் சொல்வதற்குக் குதிரைச் சவாரி மைதானமும் கண்ணாடி நூலகமும் தேவையில்லை.

தமிழ்நாடு இதை முயலாமலும் இல்லை. 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு என்று பிரித்தார்கள். கற்கிறபோதே கவனித்துத் திருத்துவது வளரறியின் நோக்கம். அதற்கும் மதிப்பெண் போட்டதுதான் கோளாறு. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் பதினொரு வயதையொட்டிய பிள்ளைகளிடம் நடத்திய சோதனையில், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார். கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குன்றவில்லை. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண் கண்ணில் பட்டதும் எழுத்து மறைந்துவிட்டது. 14/20 என்று பார்த்த பிறகு, பக்கத்து பெஞ்சில் எவ்வளவு என்றுதான் தலை திரும்பும்.

இதுவரை சொல்பவர்களைப் பற்றியே பேசியாயிற்று. கேட்கும் பிள்ளைகளுக்கும் சில செய்திகள் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் மெட்காஃபும் பிரேடி பட்டர்ஃபீல்டும் 2001-ல் வெளியிட்டது. பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலிலும் எவ்வளவு உறுதி என்றும் சொல்லச் சொன்னார்கள். தவறான பதில்களுக்குச் சரியான விடையைக் காட்டினார்கள். பிறகு மறுபடி கேட்டபோது, அரைகுறையாக ஊகித்துச் சொன்ன தவறுகளைவிட, சத்தியம் பண்ணாத குறையாக அடித்துச் சொன்ன தவறுகள்தான் அதிகம் திருந்தியிருந்தன. நேர்மாறாக அல்லவா நாம் எதிர்பார்ப்போம்? எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி பெரிதாக இருக்கும்போது கவனம் அங்கே குத்திட்டு நிற்கிறது என்று விளக்குகிறார்கள். கரும்பலகை முன்னால் நின்று முழு நம்பிக்கையோடு தப்பாகச் சொல்லிவிட்டு, காது சிவக்க இடத்துக்குத் திரும்பும் பையனுக்கு இதைச் சொல்லலாம். அந்த விடையை அவன் இனி மறக்கப்போவதில்லை.

சிவந்த காது ஆறுவதற்கும் ஒரு வழி சொல்கிறார்கள். ஈதன் க்ராஸ், ஓஸ்லெம் அய்டுக் இருவரின் ஆய்வுகளில், மனம் நொந்த நிகழ்ச்சியைத் தன் கண்ணால் மறுபடி பார்ப்பதை விட்டு, அறையின் மூலையில் நிற்கும் மூன்றாம் ஆளாகப் பார்த்தவர்களுக்குக் கொதிப்புக் குறைந்தது. மனதுக்குள் பேசும்போது "எனக்கு ஏன் இப்படி" என்பதற்குப் பதிலாகத் தன் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்வதும் உதவுகிறது. "செல்வி, சார் சொன்னது மூணாவது பத்தியை மட்டும்தான்." கேட்க வேடிக்கையாக இருக்கும், வெளியே சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, கேட்கும் விதம். செய்ததைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கருத்துக் கேட்டால் மனிதர்கள் மதிப்பீடு செய்யத் தொடங்கிவிடுகிறார்கள், அது பெரும்பாலும் பொத்தாம் பொதுவாக முடிகிறது. ஆலோசனை கேட்டால் இன்னின்னதை இப்படி மாற்று என்று கைக்கு எட்டுவதாகச் சொல்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்களை. ஆனால் பிளஸ் ஒன் வகுப்பில் முயன்று பார்க்கச் செலவொன்றும் இல்லை. "கட்டுரை எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால், "நல்லா இருக்கும்மா, போ" என்று பதில் வரும். "இதுல ஒரு பத்தியை எடுக்கணும்னா எதை எடுக்கலாம், சார்?" என்று கேட்டால் அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வார். அநேகமாக இரண்டு பத்திகளைக் காட்டுவார்.